பெரணி அறியும் ஒளி

மாணவர்களே! யான் தமிழாசிரியனாய்ப் பணியாற்றிய நாளில், ஒரு பிற்பகல் வகுப்பில், தொல்காப்பியத்து மரபியல் கூறும் உயிர்ப் பகுப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். மரஞ்செடி கொடிகள் ஓரறிவுயிர். அவ்வறிவாவது தொட்டால் உணரும் உற்றறிவு. நத்தை முதலியன சுவையும் அறிவதால் ஈரறிவுடையன. எறும்பு முதலியன மோப்பமும் அறிவதால் மூவறிவுடையன என்று சொல்லி வருகையில், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, செடிக்குத் தொடுதல் ஒன்றே அறிவு என்றால், சன்னலோரம் வைத்த தொட்டிச் செடி வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்கின்றதே, அஃது எவ்வாறு?" என்று கேட்டான்.

கதிரவனின் ஒளி செடியின்மேற் படுகிறது, படுவதும் தொடுவதே, ஆகவே அதுவும் உற்றறிவில் அடங்கும் என்று விடை கூறி அவனை அமரச் செய்தேன். அவன் அமர்ந்தான், ஆனால் அவன் முகத்தில் தெளிவு தோன்றவில்லை. என் விடை சூத்திரத்தைக் காத்தது, செடியைக் கைவிட்டது. இவ்வுண்மை அன்றே எனக்கு ஒருவாறு தெரியும் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஓய்வு பெற்ற பின்னர்ச் செடிகளைப் பற்றிய நூல்களைப் பொறுமையாகப் படிக்கும் வாய்ப்பு வாய்த்தது. அவற்றுள் அம்மாணவனின் கேள்விக்கு மிக நெருங்கிய விடையை எனக்கு அளித்தது, மணமும் நிறமும் காட்டி நம்மை மயக்கும் மலர்ச்செடி எதுவும் அன்று. பூவே இல்லாத பெரணி. ஈழநாட்டுப் பாடநூல்கள் இதனைப் 'பன்னம்' என்று வழங்கும். பழங்கிணற்றின் உட்சுவரிலும், குளத்துப் படிக்கற்களின் இடுக்கிலும், மலைநாட்டு ஓடைக் கரையிலும் இதனை நீங்கள் கண்டிருப்பீர்கள். இளமையில் இதன் இலை நத்தையின் ஓடு போலச் சுருண்டிருந்து, நாள் செல்லச் செல்ல விரியும்.

பூவும் இல்லை, விதையும் இல்லை, ஆயினும் இனம் பெருகுகின்றது. இதனைக் கண்டு மயங்கிய பண்டை ஐரோப்பியர், பெரணிக்கும் விதை உண்டு, ஆனால் அது கண்ணுக்குப் புலனாகாது, கோடை நடுவில் வரும் ஓர் இரவில் அதனைப் பெறுபவன் தானும் பிறர் கண்ணுக்குப் புலனாகாமல் உலவலாம் என்று கதை கட்டினர். கதை கட்டுவதினும் இலையைத் திருப்பிப் பார்ப்பது எளிது. முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். அவ்விலையை ஒரு வெள்ளைத் தாளில் மடித்து வைத்தால், ஓரிரு நாளில் தாளின்மேல் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். அத்தூளின் ஒவ்வொரு துகளையும் 'ஸ்போர்' என்பர். விதையினின்று பிரித்தறியும் பொருட்டு, அதனை இங்கு 'நுண்வித்து' என்று வழங்குவேன். யமைக்காத் தீவில் வாழ்ந்த யான் லிண்ட்சே என்னும் அறுவை மருத்துவர், இத்தூளை விதைத்து அது முளைப்பதைக் கண்டு, அச்செய்தியை 1794-இல் வெளியிட்டார்.

முளைத்து வருவது பெரணி அன்று என்பதுதான் வியப்பு. விரல் நகத்தினும் சிறியதாய், மெல்லியதாய், இதயத்தின் வடிவினதாய், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பச்சைத் தகடே முதலில் தோன்றும். அதற்குப் 'புரோதாலஸ்' என்பது பெயர், 'முன்னுடல்' எனலாம். அத்தகட்டின் அடியில், ஆணணுக்கள் தோன்றும் ஆண்பைகளும், ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையணுவைக் கொண்ட பெண்குடுவைகளும் உண்டாகின்றன. மழையோ பனியோ நனைத்த போது ஆண்பை வெடிக்கிறது. ஆணணு நீரில் நீந்திச் சென்று பெண்குடுவையை அடைகிறது. பெண்குடுவையினின்று கசியும் மாலிக் அமிலம் போன்ற பொருள் அதற்கு வழிகாட்டுகிறது. இதனை 1884-இல் பிஃபெபர் என்னும் செருமானிய அறிஞர் காட்டினார். அவ்விரண்டும் கலந்து உண்டான கருவே வளர்ந்து நாம் காணும் பெரணியாகிறது. ஆகவே இக்குலத்தில் சேய் தாயை ஒத்திராது. பேரனே பாட்டனை ஒத்திருப்பான். இம்முறைமையை 1851-இல் முழுமையாக விளக்கிய ஹாஃப்மைஸ்டர், அப்போது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் அல்லர். தந்தையாரின் இசைநூற் கடையில் பணிசெய்த 27 வயது இளைஞர். அதிகாலையில் எழுந்து நுண்பெருக்கியின் முன் அமர்ந்து இதனைக் கண்டார்.

இனி ஒளியைப் பற்றிக் காண்போம். பல பெரணிகளின் நுண்வித்து ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்னுமளவே உள்ளது. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல் அதனுள் பெருஞ்சேமிப்பு இல்லை. முளைத்த சின்னாட்களுக்குள் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். மண்ணின் ஆழத்தில் முளைத்தால் மாண்டுபோகும். ஆதலின் பெரும்பாலான பெரணிகளின் நுண்வித்துக்கள், ஈரம் எவ்வளவு இருந்தாலும், ஒளி படாமல் முளைப்பதில்லை. எந்த ஒளி பட்டாலும் முளைக்கும் என்பதும் இல்லை. முப்பட்டகக் கண்ணாடி பிரித்துக் காட்டும் நிறங்களுள் செவ்வொளி முளைக்கச் செய்கிறது. அதற்கும் அப்பால், நம் கண்ணுக்கு அரிதிற் புலனாகும் தொலைசிவப்பு ஒளி, அம்முளைப்பைத் தடுத்து நிறுத்துகிறது. செவ்வொளியும் தொலைசிவப்பும் மாறி மாறிக் காட்டினால், இறுதியில் எது காட்டப்பட்டதோ அதன்படியே நடக்கும். இவ்வொழுங்கை 1952-இல் அமெரிக்க நாட்டுப் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தார் லெட்டியூஸ் என்னும் கீரையின் விதைகளில் கண்டனர். பெரணியின் நுண்வித்துக்களிலும் அஃது அவ்வாறே இருப்பது பின்னர்ப் புலப்பட்டது. இரண்டு நிலைகளில் மாறி மாறி நிற்கும் 'ஃபைட்டோகுரோம்' என்னும் நிறமியே இச்செயலைச் செய்கிறது.

தொலைசிவப்பை அறிவதனாற் செடிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இலைகள் செவ்வொளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே அடர்ந்த இலைகளின் அடியில் விழுந்த நுண்வித்துக்குச் செவ்வொளி குறைந்தும் தொலைசிவப்பு மிகுந்தும் வருகின்றன. மேலே பிற செடிகள் மூடியுள்ளன என்பதற்கு அதுவே அடையாளம்.

முளைத்த பின்னும் ஒளியின் ஆட்சி ஓயவில்லை. செவ்வொளியில் மட்டும் வளர்த்தால், பல பெரணிகளின் முளை ஒற்றை வரிசைச் செல்களைக் கொண்ட நூலாக நீண்டுகொண்டே போகிறது. நீலவொளி கலந்தால்தான் செல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிந்து தகடாக விரிகின்றன. தகடு விரிந்து, அதன் முனையில் இதயத்தின் பள்ளம் போன்ற வளர்முனை அமைந்தால்தான், பெண்குடுவைகள் தோன்ற இடம் உண்டாகும். எனவே ஒளியின் நிறமே, ஒரு முன்னுடல் தாய்மை எய்தும் நிலையை அடையுமா அடையாதா என்பதில் ஒரு பங்கு கொள்கிறது.

ஒளியை விட்டு அண்டையயலாரைப் பற்றிப் பேசுவோம். இங்குத்தான் என் மனம் நீண்ட நாள் தங்கியது.

1950-இல் வால்டர் டாப் என்னும் செருமானியச் செடியியலறிஞர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஓரிடத்தில் நெருங்கி முளைக்கும் முன்னுடல்களுள், பின்தங்கியவை சிறியனவாய் நின்று ஆண்பைகளை மட்டுமே தாங்குவது பலரும் அறிந்தது. நெருக்கத்தால் உணவும் ஒளியும் குறைந்தமையின் அவ்வாறு ஆயின என்று எளிதாகச் சொல்லிவிடலாம். டாப் அவ்வாறு சொல்லி அமையவில்லை. முதிர்ந்த முன்னுடல்கள் வளர்ந்திருந்த ஊடகத்தில், அம்முதியவற்றை நீக்கிவிட்டு, இளையவற்றை வளர்த்துப் பார்த்தார். அண்டையில் எவரும் இல்லை, நெருக்கமும் இல்லை, எனினும் இளையவற்றில் ஆண்பைகள் தோன்றின. ஆகவே முதியவை ஏதோ ஒரு பொருளை ஊடகத்திற் கசியவிட்டிருத்தல் வேண்டும். அப்பொருள் பின்னர் 'ஆந்தரிடியோஜன்', அஃதாவது ஆண்பையை உண்டாக்குவது, எனப் பெயர்பெற்றது. நெருக்கம், பசி, அயலார் விடும் பொருள் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இடத்தில், இரண்டை விலக்கி ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்த்த இம்முறையை யான் மிகவும் மதிக்கிறேன்.

உடலின் ஓரிடத்தில் உண்டாகி வேறோரிடத்தில் தொழிற்படும் இத்தகைய பொருள்களை 'ஹார்மோன்' என்பர். 'தூண்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அமைந்த இப்பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார். பெரணியின் ஹார்மோனோ, உடல் விட்டு உடல் செல்கிறது.

செரட்டாப்டெரிஸ் என்னும் நீர்ப்பெரணியில் இது மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு வகை நம் நாட்டு நெல்வயல்களிலும் குளக்கரைகளிலும் வளர்வது. அமெரிக்கக் கல்விக்கூடங்களில் மாணவர்களே அதன் உறவான வேறொரு வகையை வளர்த்துப் பார்க்கின்றனர். இரண்டு வாரமளவில் நுண்வித்து முதிர்ந்த முன்னுடலாகிவிடுகிறது. முதலில் முளைத்த நுண்வித்து இதய வடிவு பெற்று, ஆண்பையும் பெண்குடுவையும் ஒருங்கே தாங்குகிறது. அவ்வாறு வளரும்போதே ஆந்தரிடியோஜனைக் கசியவிடுகிறது. அதன் பின்னர் அண்டையில் முளைப்பவை அப்பொருளை இளமையிலேயே ஏற்று, வளர்முனை அமையாமல், நாக்கு வடிவச் சிறு தகடுகளாய், ஏறத்தாழ உடல் முழுவதும் ஆண்பைகளாகவே மாறுகின்றன. ஏற்பதற்கு உரிய காலம் சில நாட்களே. அக்காலம் கடந்து வளர்முனை அமைந்துவிட்டால், பின்னர் எவ்வளவு ஆந்தரிடியோஜன் வந்தாலும் அது செவிசாய்ப்பதில்லை. ஆனால் ஆணான ஒன்றை எடுத்து அப்பொருள் இல்லாத ஊடகத்தில் வைத்தால், அதன் புதிய செல்கள் மீண்டும் இதய வடிவை நோக்கி வளரக்கூடும். எல்லா நுண்வித்துக்களும் பிறப்பால் ஒரு தன்மையனவே. ஆணாவதும் இருபாலும் தாங்குவதும் பிறப்பினால் வருவன அல்ல.

இப்பொருளின் வேதியல் இயல்பை ஆராய்ந்தவர்கள் எதிர்பாராத ஓரிடத்திற்கு வந்து சேர்ந்தனர். அஃது ஒரு நெல்வயல். ஜப்பானிய உழவர், நாற்றுக்களுட் சில அளவிறந்து நெடிதாக வளர்ந்து வெளிறி வீழ்வதைக் கண்டு, அந்நோய்க்குப் 'பேதை நாற்று' எனப் பொருள்படும் பெயர் இட்டிருந்தனர். ஒரு பூஞ்சை கசியவிடும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926-இல் குரோசாவா காட்டினார். ஜிப்பரலின் எனப் பெயர்பெற்ற அப்பொருள், பூஞ்சைக்கு மட்டுமன்றிச் செடிகளுக்கும் உரிய வளர்ச்சி ஹார்மோன் என்பது பின்னர்த் தெரிந்தது. 1962-இல் ஷ்ராவ்டால்ஃப் என்னும் அறிஞர், அனீமியா முதலிய சில பெரணிகளின் முன்னுடல்களுக்கு ஜிப்பரலின் அமிலத்தைக் கொடுத்தபோது, அவற்றில் ஆண்பைகள் தோன்றின. மற்றொன்றும் நிகழ்ந்தது: ஒளி இல்லாமல் முளைக்காத அவற்றின் நுண்வித்துக்கள், இருளிலேயே முளைத்தன!

இவ்விரண்டாவது செய்தியைச் சற்று நின்று நோக்குங்கள். மண்ணுக்குள் புதைந்து ஒளியின்றி உறங்கும் நுண்வித்துக்கள் பல. மேலே ஒளியில் முளைத்த ஒன்று கசியவிடும் பொருள், மழைநீரோடு கீழே இறங்கி, அவ்வுறங்குவனவற்றை எழுப்பி ஆணாக்கவும் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஒளிக்கு ஈடாக அயலின் பொருளை ஏற்கிறது நுண்வித்து. எல்லாப் பெரணிகளும் இவ்வாறு செய்வன அல்ல. முன்னர்க் கூறிய நீர்ப்பெரணி, முளைப்பதற்கு ஒளியையே வேண்டி நிற்கும்.

2014-இல் ஜப்பானிய ஆய்வாளர் லைகோடியம் என்னும் கொடிப்பெரணியில் கண்டது, இலக்கணம் கற்ற எனக்குப் பேருவகை அளித்தது. மூத்த முன்னுடல் ஜிப்பரலினை முற்றும் ஆக்குவதில்லை. கடைசிப் படிக்கு முன்னரே நிறுத்தி, அதனோடு மெத்தில் என்னும் ஒரு சிறு கூட்டைச் சேர்த்து வெளியே விடுகிறது. அக்கூட்டு இருப்பதால், பொருள் இளைய முன்னுடலின் செல்களுக்குள் எளிதிற் புகுகிறது. ஆனால் அந்நிலையில் அது முழுமை பெற்ற ஹார்மோன் அன்று. இளையது அக்கூட்டை நீக்கி, விடுபட்ட கடைசிப் படியைத் தானே செய்து, பொருளை முழுமையாக்குகிறது. அதன் பின்னரே ஆண்பை உண்டாகிறது. ஒரு தொழிலை முன்பாதி மூத்ததும் பின்பாதி இளையதுமாகப் பகிர்ந்து செய்கின்றன.

'வந்து' என்று ஒருவன் சொல்லி நிறுத்தினால் பொருள் முடிவதில்லை, அது வினையெச்சம். கேட்டவன் 'நின்றான்' என்றோ 'போனான்' என்றோ சேர்த்தால்தான் அது முற்றுப்பெறும். மூத்த முன்னுடல் வெளியிடுவது எச்சம். இளையது தருவது முற்று. இளையது உரிய பருவத்தில் இல்லையாயின் எச்சம் எச்சமாகவே நிற்கும். இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது என்பதை அறிவேன். ஆயினும் 'மூத்த முன்னுடல் இளையதற்கு ஆணாகுமாறு ஆணையிடுகிறது' என்று சிலர் எழுதுவதைவிட இஃது உண்மைக்கு அணித்தானது என்பது என் கருத்து. ஆணை என்னும் சொல்லில் பணிப்பவன் ஒருவனும், பணிந்து நடப்பவன் ஒருவனுமே உளர். கொடிப்பெரணியிலோ, கேட்பதும் பாதி செய்கிறது. மாற்றாந்தாய்க் கொடுமை என்றும், அரசி தன் அடியாரை ஆக்குகிறாள் என்றும் எழுதுவாரும் உண்டு. அச்சொற்கள் செய்தியைச் சுவையாக்குகின்றன. ஆனால் 2014-இல் கண்டறிந்ததை மறைத்துவிடுகின்றன.

இத்தனை ஏற்பாடும் எதன்பொருட்டு? ஒரு முன்னுடலின் ஆணணுவும் முட்டையணுவும், ஒரே நுண்வித்தினின்று வந்தமையால் மரபில் முற்றும் ஒத்தவை. அவை தம்முட் கலந்து பிறக்கும் பெரணியில் எவ்வகை வேற்றுமையும் இராது. மறைந்திருந்த குறையெல்லாம் ஒரே தலைமுறையில் வெளிப்படும். அண்டையில் வேறு நுண்வித்தினின்று வந்த ஆண்கள் இருப்பின், கலப்புக்கு வாய்ப்பு மிகும். அயலார் இருந்தால் அவர் ஆணாவர். இல்லையெனில் தனித்தது இருபாலும் தாங்கித் தானே தன் குலத்தைத் தொடங்கும். இத்தனியாற்றலின் பயனைக் கிரக்கட்டோவாத் தீவிற் காணலாம். 1883-இல் எரிமலை வெடித்து, அத்தீவின் உயிர்கள் சாம்பலில் மூழ்கின. 1886-இல் அங்குச் சென்ற டிரூப் என்னும் ஒல்லாந்துச் செடியியலறிஞர், சாம்பல்வெளியில் பெரணிகளே பெருகியிருப்பதைக் கண்டார். காற்று அந்நுண்வித்துக்களைக் கடல் கடந்து கொணர்ந்தது. தனியாக வந்து விழுந்த ஒன்றும் குலம் தொடங்க வல்லது என்பது, அத்தகைய வெற்றிடத்தில் எத்துணைப் பெரிய உதவி!

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருகிறேன். என் பழைய விடையைப் புதுக்கிக்கொள்ள இன்னும் வழியுண்டு. ஒளி நிறமியைத் தொடுகிறது, ஜிப்பரலின் செல்லைத் தொடுகிறது, எல்லாம் உற்றறிவே என்று உரை வகுக்கலாம். யானும் உரைநூல்களில் வளர்ந்தவன். அக்கலை எனக்குத் தெரியும். ஆனால் அவ்வாறு உரைத்தால், நம் கண்ணும் ஒளியால் தொடப்படுவதே. நாவும் மூக்கும் செவியும் அவ்வாறே தொடப்படுவன. ஐம்பொறியும் ஒரு பொறியாகி, ஓரறிவு ஈரறிவு என்னும் பகுப்பே பொருளற்றுப் போகும். சூத்திரத்தைக் காப்பதாக எண்ணி அதனைச் சிதைப்பதாகும் இது.

மற்றொரு சாரார், இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்பர். செடிக்கும் அறிவுண்டு என்று தொல்காப்பியர் கூறினாரல்லரோ, அதனுள் எல்லாம் அடங்கிற்று என்பது அவர் வாதம். செவ்வொளியையும் தொலைசிவப்பையும் வேறுபடுத்தும் கருவி அவரிடம் இல்லை. ஜிப்பரலினை அவர் கண்டதுமில்லை. கண்டார் என்று சொல்வது அவருக்குப் புகழ் அன்று. அவர் செய்த பெருஞ்செயல் வேறு. செடியை உயிரென்று கொண்டு, உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையைத் தாமே படைத்ததாகவும் கூறவில்லை; நுணுகி உணர்ந்தோர் முறைப்படுத்தியது என்றே சொன்னார். நுணுகி உணர்வோர் அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. டாப்பும் ஷ்ராவ்டால்ஃபும் ஜப்பானிய ஆய்வாளரும் அவ்வரிசையினரே என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை.

பெரணி ஒளியை வேறுபடுத்தி அறிகிறது; அதற்கேற்பத் தன் செயலை மாற்றுகிறது. அயலார் விட்ட பொருளை அறிகிறது. அதற்கேற்பத் தன் பாலையே மாற்றுகிறது. 'அறிதல்' என்னும் தமிழ்ச் சொல்லை இங்கு ஆளலாம் என்பதே என் முடிவு. விரும்புகிறது, வெறுக்கிறது, சூழ்ச்சி செய்கிறது என்பன மனத்தின் வினைகள். அவற்றைச் செடியின்மேல் ஏற்றுதற்குச் சான்று இல்லை. அம்மாணவனுக்கு யான் அன்று, "செடி ஒளியை அறிகிறது, சூத்திரம் அதனைச் சொல்லவில்லை" என்று விடை கூறியிருக்கலாம். அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கும்.

நீங்கள் இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், பெருஞ்செலவு இல்லை. செங்கல் இரண்டை நீரிற் கொதிக்க வைத்து ஆற்றி, நீருள்ள இரு தட்டுக்களில் நிறுத்துங்கள். பழஞ்சுவரில் வளரும் பெரணியின் பழுப்புத் தூளை ஒரு கல்லில் அடர்த்தியாகவும், மற்றொன்றில் ஓர் ஊதுதலில் சிதறும் அளவு அரிதாகவும் தூவிக் கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். மூன்றாவது கல் ஒன்றில் தூவிக் கரிய துணியால் போர்த்தி வைத்தால் இன்னும் நன்று. யான் அவ்வாறு வைத்தேன். வாரங்கள் சில சென்றபின், வெளிச்சத்து இரண்டு கற்களும் பசந்தன. போர்த்திய கல் செங்கல்லாகவே இருந்தது. அரிதாகத் தூவிய கல்லில் இதயங்கள் நன்கு விரிந்து கிடந்தன. அடர்ந்த கல்லில், சில இதயங்களைச் சூழ்ந்து, பள்ளமில்லாத சிறு தகடுகள் பல நின்றன. அச்சிறு தகடுகள் ஆந்தரிடியோஜனால் அவ்வாறு ஆயினவோ, நெருக்கத்தாற் பசித்து நின்றனவோ என்பதை என் கல் சொல்லாது. அதனை அறிய டாப் செய்தது போலச் செய்ய வேண்டும். இப்போது அடர்ந்த கல் நின்ற தட்டின் நீரை எடுத்து, புதிதாகத் தூவிய வேறொரு கல்லுக்கு ஊற்றி வருகிறேன். அக்கல் இன்னும் பசக்கவில்லை.